கொடிமரம்வரை எல்லோரும்

வடமதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் புதிதல்ல. ஆடித் தேர் இழுக்கும்போது கூட்டத்துக்குள் புகுந்து ஓடியிருப்பார்கள். அய்யலூர் வண்டிக் கருப்பணசாமிக்கு நேர்த்திக்கடன் வைத்த சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் கறிச்சோறு சாப்பிட்டிருப்பார்கள். இவ்வளவு பழகிய இடத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வேறு கூட்டிப் போக வேண்டுமா என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

பழகிய இடம் என்பதாலேயே கூட்டிப் போக வேண்டும். லண்டன் நீஸ்டனில் 1995-இல் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் கோயிலுக்குப் பள்ளி வகுப்புகள் வருகின்றன. பிரிட்டனில் சமயக் கல்வி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது; அங்குள்ள பிள்ளைக்கு மணி எதற்கு, விளக்கு எதற்கு என்று எல்லாமே கேள்வி. நம் பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். தீர்த்தத்தில் என்ன கலந்திருக்கிறது, பூவை யார் கட்டினார், பெருமாள் கோயிலில் திருநீறு ஏன் தரவில்லை என்று அதற்குக் கேட்கத் தோன்றாது. தோன்றினாலும் வீட்டில் பதில் சொல்ல ஆளுக்கு நேரம் இருப்பதில்லை. அந்தக் கேள்விகளுக்காக ஒரு நாளை ஒதுக்குவதுதான் இந்தப் பயணம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

மூன்று இடம் போதும். காலையில் வடமதுரை சௌந்தரராஜப் பெருமாள் கோயில், அங்கிருந்து திருச்சி சாலையில் அய்யலூர், மாலையில் தாடிக்கொம்பு. பழனியையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று பெற்றோர் கேட்பார்கள். சேர்க்காதீர்கள். பழனிக்குப் போனால் அன்று பழனி மட்டும்தான் நடக்கும்; படியும் வரிசையும் நாளைத் தின்றுவிடும், பிள்ளைகள் பார்ப்பது முன்னால் நிற்பவர் முதுகாக இருக்கும்.

சம்மதம் வாங்கும்போது

பயணம் எதற்கு என்பதைப் பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சாமி கும்பிடக் கூட்டிப் போகவில்லை. மனிதர்கள் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று பார்த்துப் படிக்கக் கூட்டிப் போகிறோம். இந்த வேறுபாடு சட்டத்திலும் இருக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில்கூட, பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அதே சமயம், சமயங்களைப் பற்றிப் பாடமாகச் சொல்லித்தருவது சமயப் போதனை ஆகாது என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்தப் பயணம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. அந்தக் கோட்டை விட்டு விலகாமல் இருப்பது ஆசிரியரின் பொறுப்பு. கும்பிட விரும்பும் பிள்ளை கும்பிடட்டும். விரும்பாத பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். யாரையும் பார்த்து "கும்பிடுடா" என்று சொல்லக் கூடாது. கும்பிடுகிற பிள்ளையைக் கேலி செய்யவும் விடக் கூடாது.

இனி, வகுப்பில் இருக்கும் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள். திண்டுக்கல் வட்டாரத்தில் அப்படிப் பிள்ளைகள் இல்லாத வகுப்பு அரிது. 2024 ஜனவரி 30 அன்று, பழனி கோயில் தொடர்பான வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு தீர்ப்புச் சொன்னது. இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டி அனுமதிக்கப்படுவதில்லை என்று கோயில்களில் பலகை வைக்க வேண்டும். நம்பிக்கையோடு தரிசிக்க விரும்பும் பிற மதத்தவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம் என்பது அதன் சாரம். ஆகவே கோயில் செயல் அலுவலருக்கு எழுதும் கடிதத்தில் உங்கள் வகுப்பில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை மறைக்காமல் குறிப்பிட்டு, எதுவரை வரலாம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வாசலில் நின்று பேர் கேட்டுப் பிரிக்கும் நிலைமை வரவே கூடாது. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை அதை மறக்காது.

ஒரு பாடத்துக்காக நம்பிக்கை உறுதிமொழி எழுதிக் கொடுக்கும்படி எந்தப் பிள்ளையையும் நான் கேட்க மாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள். மாறாக, பாடத்தையே கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் அமைத்துக்கொள்ளுங்கள். கோபுரம், பலிபீடம், கொடிமரம், பூக்கடை, தேர், அலுவலகப் பலகை என்று பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி கொடிமரம்வரையே கிடைத்துவிடும். வகுப்பு மொத்தமும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து படிக்கட்டும். சன்னிதிக்குப் போக விரும்பும் பிள்ளைகளைக் கடைசிக் கால் மணி நேரத்தில் ஓர் ஆசிரியர் கூட்டிப் போகட்டும். இன்னோர் ஆசிரியர் வெளியே மற்றவர்களோடு வரைபடம் போடும் வேலையைத் தொடரட்டும். வெளியே இருப்பவர்களில் இந்துப் பிள்ளைகளும் சிலர் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் யாருக்கும் எதுவும் உறுத்தாது.

இதில் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு நன்மை உண்டு. மாதவிலக்கு நாளில் கோயிலுக்குள் போவதில்லை என்ற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை ஆசிரியர் கேட்கவும் வேண்டாம், பிள்ளை சொல்லவும் வேண்டாம். வெளியே ஒரு வேலை எப்போதும் நடந்துகொண்டிருந்தால், உள்ளே வராததற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உடன் ஒரு ஆசிரியை கட்டாயம் வர வேண்டும்.

முதல் நாள் வகுப்பில்

நீண்ட சொற்பொழிவு வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் யாரை எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று நாலு வரி எழுதட்டும். குலதெய்வம், வருஷத்துக்கு ஒருமுறை போகும் ஊர், வெள்ளிக்கிழமை விளக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆலயம், ஜும்மா தொழுகை என்று எல்லாம் வரும். கும்பிடாத வீடும் இருக்கும், அதையும் எழுதலாம். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். ஊர்ப் பெயர்கள் பரவிக் கிடப்பதைப் பார்த்தாலே, நம் முன்னோர் எங்கிருந்தெல்லாம் வந்து இங்கே குடியேறினார்கள் என்ற பேச்சு தானாகத் தொடங்கும்.

ஆசிரியர் படிக்க ஒரு நூல் சொல்வேன்: தொ. பரமசிவன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, 1989-இல் 'அழகர் கோயில்' என்ற பெயரில் நூலானது. ஒரு பெருமாள் கோயிலுக்கும் அதைச் சுற்றியுள்ள பல சாதி மக்களுக்கும் உள்ள உறவை அதுபோல் விளக்கிய இன்னொரு நூல் எனக்குத் தெரியாது. 1985 வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தோடுதான் இருந்தது. அழகரும் கருப்பும் இந்தப் பக்கமும் பேசப்படுகிற சாமிகள்தான். சௌந்தரராஜன் என்பதும் அழகரின் பெயரே.

வடமதுரையில்

காலை ஏழரைக்குள் வாசலில் இருங்கள். அர்ச்சகருக்கு ஓய்வு இருக்கும் நேரத்தை முந்தைய நாளே கேட்டுக்கொள்வது நல்லது. பூஜை நடக்கும்போது பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட்டால் அவருக்கும் சங்கடம், தரிசனத்துக்கு வந்தவர்களுக்கும் இடைஞ்சல்.

பூக்கடையில் தொடங்குங்கள். துளசியும் மல்லிகையும் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகள் கடைக்காரரிடம் கேட்கட்டும். நிலக்கோட்டைப் பூச்சந்தை, திண்டுக்கல் பூ மார்க்கெட் என்று பேச்சு போகும். தோட்டத்தில் விடியுமுன் பறிக்கிறவர்கள், மூட்டையை ஏற்றுகிறவர்கள், உட்கார்ந்து தொடுக்கிறவர்கள் என்று பல கைகள் தாண்டித்தான் ஒரு மாலை உள்ளே போகிறது. விரல் நகராதது மாதிரித் தெரியும், ஆனால் பூ சரமாக நீண்டுகொண்டே போகும். அதைக் கண்ணுக்கருகில் நின்று பார்க்கட்டும். ஆளுக்கு ஒரு சாண் தொடுத்துப் பார்க்க நாரும் கொஞ்சம் மலிவுப் பூவும் வாங்கிக் கொடுங்கள். முழம் போடுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரு முழம். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் முழமும் கடைக்காரர் முழமும் எத்தனை விரற்கடை வித்தியாசம் என்று அளந்து குறித்துக்கொண்டால் மறுநாள் கணக்கு வகுப்புக்கும் அது உதவும்.

அடுத்து, வாசலில் நின்று நேர்கோடு பார்ப்பது. கொடிமரமும் பலிபீடமும் கருவறையைப் பார்த்து ஒரே நேரில் நிற்கும். பெருமாள் கோயிலில் எதிரே கருடன் இருப்பார். சிவன் கோயிலானால் நந்தி. இந்த ஒன்று தெரிந்தால், இனி எந்தக் கோயிலுக்குப் போனாலும் உள்ளே இருப்பது யார் என்று வெளியே நின்றே பிள்ளை சொல்லிவிடும். மூலவர் கல்லில் இருப்பார், இடம் விட்டு நகர மாட்டார். ஊருக்குள் வரும் உற்சவர் உலோகத்தில் இருப்பார். வர முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் சாமி தெருவுக்கு வந்து காட்சி தருவதற்குத்தான் உற்சவம் என்று பெரியவர்கள் சொல்வதையும் சொல்லுங்கள். ஆடியில் நடக்கும் பிரம்மோற்சவமும் தேரோட்டமும் இந்த ஊரின் பெரிய திருவிழா. தேர் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போய், சக்கரத்தின் உயரத்தைத் தங்கள் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க விடுங்கள். முட்டுக்கட்டை எதற்கு, யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். தேரோட்டத்தில் அந்த ஆளின் கவனத்தில்தான் ஊர்சனத்தின் உயிர் இருக்கிறது.

கொடிமரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு வரலாறு சொல்ல வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள். ஒரு காலத்தில் இந்த நாட்டின் பெரிய கோயில்கள் பலவற்றில், அதே சாமியைக் கும்பிட்ட மக்களில் ஒரு பகுதியினர் உள்ளே போக முடியாது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்தார்கள்; அவர்களில் ஒருவர் பின்னாளில் அமைச்சரான கக்கன். 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. பல்வேறு சாதிகளைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற அர்ச்சகர்களுக்குத் தமிழக அரசு பணி ஆணை வழங்கியது 2021 ஆகஸ்டில். பூவும் மணியும் தீபமும் மட்டும் சொல்லி இதை விட்டால், வழிபாட்டைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். வகுப்பில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தாத்தாமார்கள் இந்த வரலாற்றின் இரு பக்கமும் நின்றிருக்கக்கூடும். குரலை உயர்த்தாமல், யாரையும் சுட்டிப் பார்க்காமல், ஆண்டும் பெயருமாகச் சொல்லுங்கள்.

உள்ளே போகும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினால் போதும். தீர்த்தம் வாங்க வலது உள்ளங்கையைக் குழித்து, அடியில் இடது கையை வைக்க வேண்டும். துளசி மணம் தெரிகிறதா, பச்சைக் கற்பூரம் தெரிகிறதா என்று கவனிக்கட்டும். சடாரி வைக்கும்போது குனிந்து வாங்க வேண்டும். ஆனால் அதற்கு முன் அதை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். மேலே இருப்பது திருவடி. பெருமாளின் பாதம் தலைமேல் படுவதாக ஐதீகம். சடாரியைச் சடகோபம் என்றும் சொல்வார்கள். சடகோபன் என்பது நம்மாழ்வாரின் பெயர், அவரையே அந்தப் பாதமாகக் கருதுகிறார்கள் வைணவர்கள். ஆழ்வார்கள் பன்னிரண்டு பேரும் ஒரே சாதியில் பிறந்தவர்கள் அல்லர் என்பதையும், அவர்களில் ஆண்டாள் ஒரு பெண் என்பதையும் இங்கே சொன்னால், கொடிமரத்தடியில் சொன்னதோடு பிள்ளைகளே முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள்.

அர்ச்சகரிடம் பேசும் முறையை ஒத்திகை பார்த்துவிடுங்கள். "சாமி, ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?" என்று தொடங்கினால் போதும். அர்ச்சகரோடு நிறுத்திவிடாமல் மடைப்பள்ளியில் தளிகை செய்பவர், நாதஸ்வரம் வாசிப்பவர், காவலாளி, பெருக்குகிற அம்மா ஆகியோரிடமும் பேச வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், திருவிழாவில் உங்கள் வேலை என்ன என்ற மூன்று கேள்வி எல்லோருக்கும் பொருந்தும்.

அய்யலூரில்

வடமதுரையிலிருந்து அய்யலூர் பக்கம்தான். வண்டிக் கருப்பணசாமி கோயில் திருச்சி நெடுஞ்சாலையோரத்தில் இருக்கிறது. கோயில் உள்ள பக்கத்திலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்கள்; நான்குவழிச் சாலையைப் பிள்ளைகளோடு நடந்து கடக்கவே கூடாது. வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச்சந்தை. சந்தை நெரிசலில் பஸ்ஸைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளாமல் வேறு நாளாகப் பாருங்கள்.

இங்கே பார்க்க வேண்டியது ஓட்டுநர்களை. லாரியும் காரும் நிற்கும். இறங்குவார்கள், சூடம் காட்டித் தேங்காய் உடைப்பார்கள், திருநீறு பூசிக்கொண்டு வண்டி எடுப்பார்கள். புது வண்டி என்றால் மாலையும் எலுமிச்சம்பழமும் சேரும். சக்கரத்தடியில் பழம் நசுங்குவதைப் பார்க்க எல்லாப் பிள்ளைக்கும் ஆசை. வண்டிக்கு முன்னால் யாரும் போய் நிற்காதபடி ஓர் ஆசிரியர் காவல் இருக்க வேண்டும்.

காலையில் பார்த்த பெருமாளுக்கும் இந்தக் கருப்புக்கும் என்ன உறவு என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பெரும்பாலும், ஒன்று பெரிய சாமி, இது காவல் சாமி என்பார்கள். அழகர் கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு இருப்பதை அப்போது சொல்லுங்கள். அங்கே பெருமாள் கோயில் வாசலையே காப்பவர் கருப்பு. சந்தனம் பூசிய கதவே அவராக வணங்கப்படுகிறது. அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராது. அர்ச்சகர் ஓதும் வழிபாடும் பூசாரி சாமியாடிக் குறி சொல்லும் வழிபாடும் ஒரே வாசலின் உள்ளும் வெளியுமாகப் பல தலைமுறை இருந்து வருகின்றன. ஒன்றை உயர்வென்றும் மற்றதைக் குறைவென்றும் ஆசிரியர் வாயிலிருந்து வரக் கூடாது. பல பிள்ளைகளின் குலதெய்வம் கருப்புதான்.

கிடா வெட்டு நடக்கும் நாளாக இருந்தால் என்ன செய்வது? சின்ன வகுப்புப் பிள்ளைகளை அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள். பெரிய பிள்ளைகளாக இருந்தாலும் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அப்படி ஒன்று நடப்பதே இல்லை என்பதுபோல நடந்துகொள்வது சரியல்ல, பிள்ளைகளுக்குத் தெரியும். உயிர்ப்பலியைத் தடுக்க 1950-லேயே ஒரு சட்டம் இருந்தது. 2003 ஆகஸ்டில் தமிழக அரசு அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. எதிர்ப்பு வலுத்து 2004 பிப்ரவரியில் அந்தத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதை வைத்து நன்றாக வாதிடுவார்கள். வாதம் பள்ளிக்கூடத்தில் நடக்கட்டும். கோயில் வாசலில், பொங்கல் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தின் காதில் விழ வேண்டாம்.

மத்தியானமும் தாடிக்கொம்பும்

பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கே திரும்பிவிடுங்கள். புளிச்சோறும் துவையலும் கெட்டுப்போகாது. பிள்ளைகளுக்குக் கழிப்பறை வசதியும் ஒரு மணி நேர ஓய்வும் பள்ளியில்தான் சரியாகக் கிடைக்கும். வெயில் நேரத்தில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மாலையில்கூடப் பிரகாரத்தில் நிழல் விழுந்த பக்கமாகவே நடத்திச் செல்லுங்கள்.

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் சாலையில், குடகனாற்றங்கரையில் இருக்கிறது. விஜயநகர, நாயக்கர் காலத்துக் கைவண்ணத்தைக் காட்ட இந்தச் சமவெளியில் இதைவிட நல்ல இடம் இல்லை. தாயார் சன்னிதி முன்மண்டபத் தூண்களில் ஆள் உயரத்துக்கும் மேலான சிற்பங்கள் உள்ளன. உலகளந்த பெருமாள் காலைத் தூக்கி நிற்கிறார். வைகுண்டநாதர் ஆதிசேஷன்மேல் அமர்ந்திருக்கிறார். நரசிம்மர் இரணியனோடு பொருதுகிறார். ரதி, மன்மதன் இருக்கிறார்கள். கூடவே அகோர வீரபத்திரர், ஊர்த்துவ தாண்டவம், காளி. பெருமாள் கோயிலில் சிவன் ஆடும் தூண் ஏன் என்ற கேள்வியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

எல்லாச் சிற்பத்தையும் காட்டி வரிசையாகக் கதை சொல்லிக்கொண்டு போனால் ஒன்றும் மனதில் நிற்காது. ஆளுக்கு ஒரு சிற்பம், இருபது நிமிடம், கையில் பென்சில். வரையத் தெரியாத பிள்ளை கையை மட்டும் வரையட்டும்: எத்தனை கை, எதில் என்ன ஆயுதம், எந்த விரல் மடங்கியிருக்கிறது. வரையும்போதுதான் நரசிம்மரின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று கண்ணுக்குத் தெரியும். தொடக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எண்ணெய்க் கையும் சாய்கிற முதுகும் உளியின் நுட்பத்தை மெல்ல மெல்ல அழித்துவிடும். இங்கும் யாராவது உள்ளே வர முடியாத நிலை இருந்தால், கோபுரத்தையும் வெளிமதிலையும் வரையும் குழுவை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். கோயில் அலுவலகம் அனுமதித்தால் தூண்களின் படங்களை எடுத்து வைத்து, மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் காட்டலாம். கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதித்து 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

நாள் பார்ப்பது

தேய்பிறை அஷ்டமி அன்று தாடிக்கொம்பு பைரவர் சன்னிதியில் நிற்க இடம் இருக்காது. புரட்டாசிச் சனிக்கிழமைகளும் அப்படியே. ஆடித் திருவிழாவின்போது பெரிய வகுப்பை அழைத்துப் போகாதீர்கள்; கூட்டத்தில் ஒரு பிள்ளை தவறினால் மற்ற எல்லாம் வீண். திருவிழாவைப் பிள்ளைகள் வீட்டாரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் சொல்லட்டும். தை முடிந்து மாசி தொடங்கும் வாரங்கள் நல்லவை: வெயில் ஏறியிருக்காது, பரீட்சையும் நெருங்கியிருக்காது.

செருப்பைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டால் தேடும் வேலை மிச்சம். குடிநீர் பள்ளியிலிருந்தே போகட்டும். கோயிலில் காணிக்கை போட வேண்டும் என்று பிள்ளைகளிடம் காசு கொண்டுவரச் சொல்லாதீர்கள். கொண்டுவர முடியாத பிள்ளை கூசி நிற்கும். பேசிய பூக்கடைக்காரருக்கும் நாதஸ்வரக் கலைஞருக்கும் நன்றிக் கடிதத்தைப் பிள்ளைகளே எழுதி, ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அரை நாள்தான் கிடைக்கிறது என்றால் தாடிக்கொம்பை விட்டுவிட்டு வடமதுரையையும் அய்யலூரையும் வைத்துக்கொள்ளுங்கள். சிற்பம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். பெருமாளையும் கருப்பையும் ஒரே காலையில் பார்ப்பதுதான் பயணத்தின் உயிர்.